வீடியோ எடிட்டிங் மென்பொருள்ல போட்டோ கலர் பண்றது: டாவின்சி ரிசால்வ், லட், பிரிண்ட் அளவு

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. ஆன்லைன் கடைக்குப் போற டி-சர்ட், பனியன் போட்டோவைப் பத்தின கேள்வி. ஒரே டிசைன் எட்டுக் கலர்ல வருது. மாடல் வீடியோவை டாவின்சி ரிசால்வ்ல கலர் பண்றோம், போட்டோவை வேற மென்பொருள்ல பண்றோம். கடைப் பக்கத்துல ரெண்டும் ஒட்டி ஒட்டி வரும்போது மரூன் துணி ஒண்ணுல செங்கல் கலருக்கும் இன்னொண்ணுல கத்திரிப்பூ கலருக்கும் போயிருது.

போட்டோவையும் ரிசால்வ்லயே முடிச்சுப்போட்டா என்னங்க? கையில இருக்கறது இலவசப் பதிப்பு. கேமரா 24 மெகாபிக்சல், படம் 6000க்கு 4000. இதே ஆளுங்கதான் கல்யாண ஆல்பமும் பண்றாங்க, அதுக்கும் இந்த வழி ஆகுமா?

சிறுவாணி (கோவை)

தாராளமாப் பண்ணலாமுங்க. கலர் வேலைன்னு எடுத்துக்கிட்டா நெம்ப நல்ல கருவி. சிக்கல் எல்லாம் படம் உள்ள போற இடத்துலயும் வெளிய வர்ற இடத்துலயும்தான்.

கேமரா ஃபைல் பேர்ல வரிசை எண் இருக்கும். அந்த ஃபோல்டரை மீடியா பக்கத்துல திறந்தா 300 போட்டோவும் ஒட்டுக்கா ஒரே கிளிப்பாத் தெரியும். எண் வரிசையாப் போறதால இது ஓடற படத்தோட ஃபிரேம்னு ரிசால்வ் எடுத்துக்குது. மீடியா ஸ்டோரேஜ் மேல இருக்கற மூணு புள்ளியை அமுக்கி, ஃபிரேம் டிஸ்பிளே மோடை இன்டிவிஜுவலுக்கு மாத்துங்க. தனித்தனியாப் பிரிஞ்சிரும்.

அடுத்தது ஸ்டில்லோட நீளம். பிரிஃபரன்ஸஸ், யூசர், எடிட்டிங்ல ஸ்டாண்டர்ட் ஸ்டில் டியூரேஷன் 5 செகண்ட்னு இருக்கும். அதை 1 ஃபிரேம் ஆக்கிட்டுத்தான் டைம்லைன்ல இழுத்துப் போடோணும். இது சின்ன விஷயம் இல்லீங்க. 25 ஃபிரேம் டைம்லைன்ல 5 செகண்ட்னா 125 ஃபிரேம். அப்படியே டிஃப்ல (தரம் குறையாத பட ஃபைல்) ரெண்டர் போட்டா ஒரே போட்டோ 125 தடவை வந்து விழும். 3840க்கு 2160ல 16 பிட் டிஃப் ஒண்ணு கிட்டத்தட்ட 50 எம்பி, அப்ப ஒரு போட்டோவுக்கே 6 ஜிபிக்கு மேல. நூறு போட்டோவுக்கு ரெண்டர் போட்டுட்டு டீ குடிக்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள டிஸ்க் ரொம்பிரும்.

டைம்லைன் அளவு: இலவசப் பதிப்புல அல்ட்ரா எச்டி, அதாவது 3840க்கு 2160தான் எல்லை. புது டைம்லைன் போடும்போது யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ் டிக்கை எடுத்துட்டு கஸ்டம் அளவு குடுங்க. உங்க கேமரா 3க்கு 2 விகிதம், அதனால 3240க்கு 2160 போட்டீங்கன்னா கறுப்புப் பட்டை இல்லாம முழுப்படமும் உக்காரும். கடைக்குச் சதுரப் படம்னா 2160க்கு 2160. நிக்கற வாக்குல எடுத்த படத்துக்குத் தனி டைம்லைன் போட்டு 2160க்கு 3240 குடுங்க. கிடைப்படத்தோட சேத்துப் போட்டா 1440க்கு 2160தான் மிஞ்சும், பாதிக்கு மேல பிக்சல் போயிரும்.

வெளிய எடுக்கறது ஒண்ணு ரெண்டு படம்னா கலர் பக்கத்துல வியூவர் மேல ரைட் கிளிக், கிராப் ஸ்டில். அப்புறம் கேலரியில அந்த ஸ்டில் மேல ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், டிஃப். ஜேபெக் அங்கயே எடுக்காதீங்க, கடைசி அளவு வெட்டும்போது ஒரே ஒரு தடவை ஜேபெக் ஆனாப் போதும். நெறைய படம்னா டெலிவர் பக்கம், சிங்கிள் கிளிப், டிஃப், ஆர்ஜிபி 16 பிட். டைம்லைன் 01:00:00:00ல ஆரம்பிக்கறதால 25 ஃபிரேம் கணக்குல முதல் போட்டோ 90000ங்கற எண்ணுல வரும், அடுத்தது 90001. ஃபைல் பேர் வரிசையிலயே டைம்லைன்ல போட்டிருந்தீங்கன்னா எது எந்தப் படம்னு கண்டுபிடிச்சுக்கலாம்.

ஜமுக்காளம் (பவானி)

எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க. டார்க்டேபிள், ராதெரபி ரெண்டுமே இலவசம். ரா ஃபைலை (கேமரா சென்சார் பதிஞ்ச மூலத் தகவல்) நேராத் திறக்கும், 24 மெகாபிக்சலும் அப்படியே வெளிய வரும், எக்ஸிஃப் தகவலும் கூடவே வரும். ரிசால்வ்ல ரெண்டர் ஆன படத்துல எடுத்த நேரம், லென்ஸ், ஐஎஸ்ஓ ஒண்ணுமே இருக்காது. ரெண்டு கேமரா வெச்சு எடுத்த கல்யாணத்தை நேரப்படி அடுக்கோணும்னா அந்த எக்ஸிஃப் இல்லாம முடியாது. 8 பிட் ஜேபெக்கைக் கொண்டுபோய் வீடியோ மென்பொருள்ல இழு இழுன்னு இழுத்தா பின்னாடி சொவுத்துல பட்டை பட்டையா வரும். போட்டோவுக்குன்னு செஞ்ச மென்பொருள் இருக்கும்போது எதுக்குங்க இந்தச் சுத்து?

சிறுவாணி (கோவை)

நீங்க சொன்ன குறை அத்தனையும் உண்மை. நேரப்படி அடுக்கறதை ரிசால்வுக்குள்ள போறதுக்கு முன்னாடியே முடிச்சு, எடுத்த நேரத்தையே ஃபைல் பேரா மாத்திப்போடலாம். எக்ஸிஃப் கட்டாயம் வேணும்னா எக்ஸிஃப்டூல் வெச்சு மூலப்படத்துல இருந்து திரும்ப ஒட்டிக்கலாம். ரா எடுத்திருந்தா டார்க்டேபிள்ல எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மட்டும் சரி பண்ணி 16 பிட் டிஃப், எஸ்ஆர்ஜிபியில (சாதாத் திரைக்கான கலர் எல்லை) எடுத்து உள்ள கொண்டுபோங்க. பட்டை விழறது நின்னுரும்.

ஆனா கேட்டவரோட வலி பிக்சல் இல்லீங்களே. எட்டுக் கலர் துணி, போட்டோவுலயும் வீடியோவுலயும் ஒண்ணாத் தெரியோணும். அதுக்கு ரெண்டும் ஒரே டைம்லைன்ல, ஒரே ஸ்கோப்புக்கு (கலரை அளந்து காட்டற வரைபடம்) கீழ இருக்கறது பெரிய பலம். வீடியோ ஃபிரேமை கிராப் ஸ்டில் பண்ணி, போட்டோ மேல வைப் போட்டு, பாதி இது பாதி அதுன்னு வெச்சு பரேடுங்கற ஸ்கோப்புல சேப்பு, பச்சை, நீலம் மூணையும் பார்த்துச் சமன் பண்றது போட்டோ மென்பொருள்ல இவ்வளவு சுலபத்துல வராது.

தறிச்சத்தம் (சென்னிமலை)

கலர் பக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. போட்டோ ஃபிளாஷ்லயும் வீடியோ எல்இடி பேனல்லயும் எடுக்கறீங்களா?

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆமாங்க. போட்டோ ஸ்டுடியோ ஃபிளாஷ், வீடியோவுக்கு எல்இடி பேனல். பேனல்ல சிஆர்ஐ 95னு எழுதியிருக்குது.

தறிச்சத்தம் (சென்னிமலை)

அப்ப மரூன் கெடறது பெரும்பாலும் அங்கதானுங்க. சிஆர்ஐன்னு (வெளிச்சத்துல கலர் எவ்வளவு சரியாத் தெரியுதுங்கற அளவு) பெட்டி மேல போடற எண் எட்டு வெளிறின மாதிரிக் கலரோட சராசரி. அடர் சேப்புக்குன்னு இருக்கற ஆர்9 அந்தச் சராசரியில சேராது. சராசரி நல்லா இருந்தும் ஆர்9 கம்மியா இருக்கற விளக்கு நெறைய உண்டு. அந்த வெளிச்சத்துல மரூன், அரக்கு, காப்பிப்பொடிக் கலர் எல்லாம் உசுரில்லாம வரும், மஞ்சளும் நீலமும் ஒழுங்கா இருக்கும். வெளிச்சத்துலயே இல்லாத சேப்பைக் கலர் பண்ணிக் கொண்டாற முடியாது. சேப்பைத் தூக்கினா மாடலோட கன்னமும் உதடும் சேந்து தூக்கிக்கும். ஆர்9 எண்ணைத் தனியாப் போட்டிருக்கற பேனலாப் பாத்து வாங்குங்க. இல்லாட்டி போட்டோவையும் அதே பேனல்லயே எடுத்துருங்க, தப்புன்னாலும் ரெண்டும் ஒரே தப்பா இருக்கும், திருத்தறது சுலபம்.

வெள்ளை பனியனை வெச்சு ஒயிட் பேலன்ஸ் எடுக்காதீங்க. வெள்ளைத் துணியில ஆப்டிகல் பிரைட்னர் ஏத்தியிருப்பாங்க. புற ஊதா கலந்த வெளிச்சம் பட்டா அது நீலமா ஒளி விடும். ஃபிளாஷ்ல அது வேலை செய்யும், எல்இடியில அவ்வளவாச் செய்யாது. அந்தத் துணியை வெள்ளைன்னு நம்பிப் புள்ளி எடுத்தா ஃபிளாஷ் படம் முழுக்க மஞ்சளுக்குச் சாஞ்சிரும். சாம்பல் அட்டை வெச்சு எடுங்க.

குறிச்சிக்குளம் (கோவை)

சாம்பல் அட்டையோட 24 கட்டம் இருக்கற கலர் செக்கர் அட்டையும் வாங்கிருங்க. ரிசால்வ் கலர் பக்கத்துல கலர் மேட்ச்னு ஒரு பேலட் இருக்குது, இந்த வேலைக்குன்னே செஞ்சது. வியூவர்ல கலர் சார்ட் கட்டத்தை வரவெச்சு, நாலு மூலையையும் படத்துல இருக்கற அட்டையோட மூலைக்கு இழுத்து வெச்சு, உங்க அட்டையோட வகையைத் தேர்ந்தெடுத்து, டார்கெட் கலர் ஸ்பேஸ் ரெக் 709னு (எச்டி வீடியோவோட கலர் நியதி) குடுத்து மேட்ச் அமுக்கோணும். எஸ்ஆர்ஜிபிக்கும் ரெக் 709க்கும் அடிப்படைச் சேப்பு, பச்சை, நீலம் ஒண்ணேதான், காமா வளைவுதான் வேற. அதனால சோர்ஸ் காமா, டார்கெட் காமா ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கங்க.

போட்டோவுல ஒரு தடவை, வீடியோவுல ஒரு தடவை, அந்தந்த வெளிச்சத்துல அட்டையைப் புடிச்சு எடுக்கோணும். ரெண்டையும் ஒரே இலக்குக்கு மேட்ச் பண்ணினா ஒண்ணுக்கொண்ணு கிட்டத்துல வந்துரும். அந்த முதல் நோடை (நோடுன்னா ஒரு கலர் திருத்தப் படி) மத்த படத்துக்கெல்லாம் காப்பி பண்ணுங்க: படங்களைத் தேர்ந்தெடுத்துட்டு, அட்டை எடுத்த படத்தோட தம்ப்நெயில் மேல மவுஸோட நடு பட்டனை அமுக்கினாப் போதும்.

மேட்ச் கெடறதுக்குக் காரணம் பெரும்பாலும் அட்டையில பளபளப்பு விழறதுதான். விளக்கு நேரா அட்டையில பட்டுத் திரும்புனா கறுப்புக் கட்டம் சாம்பலாயிரும், மொத்தக் கணக்கும் தப்பிரும். அட்டையை லேசாச் சாய்ச்சுப் புடிக்கோணும். கேமராவுல ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அணைஞ்சிருக்கோணும்.

ஊத்துக்குளி (திருப்பூர்)

கலர் மேட்ச் போட்டும் கலர் வெளிறித் தெரிஞ்சா கேமராவுல அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியை விட அகலமான கலர் எல்லை) வெச்சிருக்கீங்களான்னு பாருங்க. போட்டோவுக்குள்ள இருக்கற ஐசிசி புரொஃபைலை (எண்ணு எந்தக் கலர் எல்லைக்கானதுன்னு சொல்ற குறிப்பு) ரிசால்வ் கண்டுக்காது, எண்ணை அப்படியே எஸ்ஆர்ஜிபியாட்டம் எடுத்துக்கும். உள்ள போறதுக்கு முன்னாடியே எஸ்ஆர்ஜிபிக்கு மாத்திருங்க.

வெளிய வர்ற படத்துலயும் புரொஃபைல் இருக்காது. சாதா மானிட்டர்ல வித்தியாசம் தெரியாது, வைட் கேமட் திரையில கலர் அடிக்கற மாதிரி வரும். ஜிம்ப்ல திறந்து எஸ்ஆர்ஜிபி புரொஃபைலை அசைன் பண்ணுங்க. கன்வர்ட் வேண்டாம், கன்வர்ட் பண்ணினா பிக்சல் எண்ணே மாறிரும்.

மேக்ல வேலை செய்யறவங்களுக்கு: யூஸ் மேக் டிஸ்பிளே கலர் புரொஃபைல்ஸ் ஃபார் வியூவர்ஸ்ங்கற டிக் இருக்கறப்ப ஒரு மாதிரியும் இல்லாதப்ப ஒரு மாதிரியும் தெரியும். எதோ ஒண்ணுல நிலையா இருங்க. வேலை நடுவுல மாத்தினா பாதி ஆல்பம் ஒரு கலர், பாதி ஒரு கலர்.

நொய்யல்கரை (திருப்பூர்)

நெம்ப நன்றிங்க. கடைப் படத்துக்கு 2160 சதுரம் தாராளமாப் போதும். ஆல்பம்தான் இன்னும் புரியலை. 12க்கு 36 ஷீட் போடறாங்க. அதுக்கு 3240 பிக்சல் பத்துமுங்களா?

சிறுவாணி (கோவை)

முழு ஷீட்டுக்கும் ஒரே படம்னா பத்தாதுங்க. 12க்கு 36 இஞ்ச், இஞ்சுக்கு 300 வெச்சா 3600க்கு 10800 பிக்சல். 24 மெகாபிக்சல் மூலப்படமே அதுக்கு இழுத்துத்தான் போடோணும், அதை 7 மெகாபிக்சல் ஆக்கிட்டுப் போட்டா பட்டுச்சேலை சரிகை மெழுகாட்டம் வழவழன்னு ஆயிரும். ஷீட்டுல நாலாவது ஒரு பங்கு இடத்துல வர்ற படம்னா 3240 போதும். 8க்கு 12 பிரிண்டுல அது இஞ்சுக்கு 270 வரும், கண்ணுக்குக் குறை தெரியாது. மண்டப வாசல் ஃப்ளெக்ஸுக்கெல்லாம் கவலையே வேண்டாம். 8 அடி நீளத்துக்கு 3840 பிக்சல்னா இஞ்சுக்கு 40, தூரத்துல நின்னு பாக்கறதுக்கு அது தாளும்.

ஆல்பத்துக்கு என் முடிவு இதுதான்: கலரை ரிசால்வ்ல முடிவு பண்ணுங்க, பிக்சலை அங்க கொண்டுபோகாதீங்க. கலரை மட்டும் லட் ஃபைலா (எந்தக் கலர் எந்தக் கலரா மாறோணும்ங்கற அட்டவணை) வெளிய எடுத்து முழு அளவுப் படத்து மேல போடுங்க.

கலர் பக்கத்துல தம்ப்நெயில் மேல ரைட் கிளிக், ஜெனரேட் லட், 65 பாயின்ட் கியூப். 33 பாயின்ட்ல 35,937 புள்ளி, 65ல 2,74,625. இருட்டுல வளைவு செங்குத்தா இருந்தா 33ல படி படியாத் தெரியும். அந்த கியூப் ஃபைலை போட்டோஷாப்ல கலர் லுக்அப் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்ல ஏத்தலாம். டார்க்டேபிள்ல லட் 3டி மாட்யூல் இருக்குது. அதுக்கு முன்னாடி பிரிஃபரன்ஸஸ், பிராசஸிங்ல லட் இருக்கற ஃபோல்டரைக் காட்டோணும், காட்டாட்டி ஃபைலே தேர்ந்தெடுக்க விடாது. மாட்யூல்ல அப்ளிகேஷன் கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபின்னு வையுங்க. வேற எதையாச்சும் வெச்சீங்கன்னா மொகம் ஆரஞ்சா மாறும், இல்லாட்டி படமே வெளிறும். அப்புறம் ஸ்டைலாச் சேமிச்சு நானூறு படத்துக்கும் ஒட்டுக்கா ஏத்திரலாம்.

ஜமுக்காளம் (பவானி)

இந்த வழின்னா நான் ஒத்துக்கறேனுங்க. முழு அளவும் எக்ஸிஃபும் கைவிட்டுப் போகாது. ஆனா லட்டுக்குள்ள எது வரும் எது வராதுன்னு சொல்லாம விட்டுட்டா பசங்க ஏமாந்துருவாங்க.

லட்டுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: இந்தக் கலர் உள்ள வந்தா அந்தக் கலர் வெளிய போகோணும். படத்துல எந்த இடம்னு அதுக்குத் தெரியாது. லிஃப்ட், காமா, கெயின், கஸ்டம் கர்வ், ஹியூ வெர்சஸ் ஹியூ, சாச்சுரேஷன் எல்லாம் வரும். பவர் விண்டோ (படத்துல ஒரு இடத்தை மட்டும் திருத்தப் போடற வட்டம், கட்டம்), பிளர், ஷார்ப்பன், விக்னெட், கிரெய்ன் எதுவும் வராது. மொகத்து மேல வட்டம் போட்டு வெளிச்சம் ஏத்தியிருந்தீங்கன்னா அந்த நோடைத் தனியா வெச்சு, அணைச்சுட்டு லட் எடுங்க. அந்த வேலையை டார்க்டேபிள்ல மாஸ்க் போட்டுப் பண்ணிக்கோணும்.

லட் எடுக்கற புராஜெக்ட்ல கலர் மேனேஜ்மென்ட் வேண்டாம், டாவின்சி ஒய்ஆர்ஜிபின்னே விட்டுருங்க. அப்பத்தான் எஸ்ஆர்ஜிபி எண் உள்ள போய் எஸ்ஆர்ஜிபி எண்ணா வெளிய வரும். கலர் மேனேஜ்டுல எடுத்த லட் அந்த டைம்லைன் கலர் ஸ்பேஸுக்குத்தான் பொருந்தும், போட்டோ மேல போட்டா கண்ட மேனிக்கு இருக்கும்.

குறிச்சிக்குளம் (கோவை)

கல்யாணத்துக்குப் படத்தைப் பிரிக்கும்போது சடங்கு வாரியாப் பிரிக்காம வெளிச்சம் வாரியாப் பிரிங்க. இணைச்சீர் வீட்டுப் பந்தலுக்குக் கீழ நடந்திருந்தா பந்தல் துணியோட கலர் மொகத்துல இறங்கியிருக்கும். முகூர்த்த மேடையில மஞ்சள் ஃபோகஸ் லைட். வரவேற்புல பின்னாடி எல்இடி சொவுரு, ஊதாவும் ரோஸுமா மாறி மாறி அடிக்கும். கலர் பக்கத்துல அந்தந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் பண்ணி நியூ குரூப்ல போட்டுட்டா, குரூப் ப்ரீ-கிளிப்ல கேமரா வித்தியாசம், கிளிப்ல அந்தப் படத்துக்கான சின்னத் திருத்தம், போஸ்ட்-கிளிப்ல மொத்தச் சாயல்னு அடுக்கிக்கலாம். வெக்டர்ஸ்கோப்ல ஸ்கின் டோன் கோட்டைப் போட்டு வெச்சுக்கங்க. மாநிறமோ செகப்போ எந்த மொகமும் அந்தக் கோட்டுப் பக்கமாத்தான் விழும். ரோஸ் வெளிச்சத்துல அது எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்குதுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிரும்.

லட் எடுக்கும்போது மட்டும் குரூப் மட்டத்துல இருக்கறதை நம்பாதீங்க. அந்த நோடுகளை ஒரே கிளிப்போட நோடுகளுக்குள்ள காப்பி பண்ணிக் கொண்டாந்துட்டு அப்புறம் எடுங்க. ஒரு குரூப்புக்கு ஒரு லட். எடுத்ததும் அதே படத்து மேல லட்டைப் போட்டு, கிராப் ஸ்டில்லோட வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகாட்டி எங்கயோ விண்டோவோ குரூப் நோடோ விட்டுப்போயிருக்குது.

காளிங்கராயன் (ஈரோடு)

ராதெரபி வெச்சிருக்கறவங்களுக்கு: அதுல ஃபிலிம் சிமுலேஷன்ல லட்டை ஹால்ட் கிளட் படமாத்தான் கேக்கும். அது சும்மா ஒரு படம்தானுங்க, கலர் எல்லாம் வரிசையா அடுக்கின சதுரம். லெவல் 12 ஐடென்டிட்டி (கலர் எதையும் மாத்தாத) படம் 1728க்கு 1728 பிக்சல், இலவச ரிசால்வ் எல்லைக்குள்ளயே அடங்கிருது. டைம்லைனைக் கச்சிதமா 1728 சதுரம் போட்டு, அந்தப் படத்தை இறக்கி, கல்யாணப் படத்தோட கிரேடை அது மேல காப்பி பண்ணி, டிஃப்ல எடுத்து ராதெரபியோட ஃபோல்டர்ல போட்டா முடிஞ்சுது. ஒரு பிக்சல் கூட அளவு மாறக் கூடாது, மாறினா பக்கத்துக் கலரெல்லாம் கலந்து படத்துல புள்ளி புள்ளியா வரும். அதனால மிஸ்மேட்ச்டு ரெசொல்யூஷன்ல சென்டர் கிராப் வித் நோ ரீசைஸிங் வெச்சுக்கங்க. பிளரும் விண்டோவும் இருக்கற நோடை இங்கயும் அணைச்சாகோணும்.

ஊத்துக்குளி (திருப்பூர்)

பனியன் படத்துக்கு விட்டுப்போனது ஒண்ணு. ரிப், பிக்கே மாதிரித் துணியில வரி நெருக்கமா இருக்கும். 6000 பிக்சலை 2160 ஆக்கும்போது அந்த வரி மேல அலை அலையா மோரே விழும். புராஜெக்ட் செட்டிங்ஸ், இமேஜ் ஸ்கேலிங்ல ரீசைஸ் ஃபில்டர் ஷார்ப்பர்னு இருந்தா ஸ்மூதர்னு மாத்திப் பாருங்க. அப்பவும் நிக்காட்டி மூலப்படத்துலயே மோரே இருக்குதான்னு முழு அளவுல திறந்து பாக்கோணும். அதுல இருந்தா ரிசால்வ்ல தீராது, கேமராவைக் கொஞ்சம் தள்ளியோ கிட்டயோ வெச்சு மறுபடி எடுக்கறதுதான் வழி.

நொய்யல்கரை (திருப்பூர்)

புரிஞ்சுதுங்க. கடைப் படத்தை ரிசால்வ்லயே முடிச்சுக்கறோம், ஆல்பத்துக்கு லட். எட்டுக் கலர்ல ரெண்டு நியான், ஒரு பச்சை, ஒரு ஆரஞ்சு. அது மட்டும் மடிப்பே தெரியாம சப்புன்னு வருது. அதுவும் வெளிச்சம்தானுங்களா?

தறிச்சத்தம் (சென்னிமலை)

அது வேறங்க. ஃப்ளோரசன்ட் சாயம் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளிய போயிருது. பரேடைத் திறந்து பாருங்க, நியான் ஆரஞ்சுல சேப்பு மட்டும் 1023ல முட்டி நேர்கோடா நிக்கும், பச்சையும் நீலமும் கீழ இருக்கும். மடிப்போட நிழல் இருந்தது அந்தச் சேப்புலதான், அது வெட்டுப்பட்டுப் போச்சு. ஜேபெக்ல எடுத்திருந்தா திரும்ப வராது. ரா இருந்தா டார்க்டேபிள்ல எக்ஸ்போஷரை இறக்கி, சேப்பு உச்சியைத் தொடாத மாதிரி டிஃப் எடுத்து உள்ள கொண்டுபோங்க. கலர் பக்கத்துல ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷன் கர்வ்ல அந்த ஒரு ஆரஞ்சை மட்டும் இறக்குங்க, மடிப்பு தெரிய ஆரம்பிக்கற வரைக்கும். பின்னாடி வெள்ளைத் திரை வேவ்ஃபார்ம்ல உச்சியைத் தொடட்டும், துணி மட்டும் அதுக்குக் கீழயே நிக்கோணும். எடுக்கும்போதே நியானுக்குத் தனியா ஒரு ஸ்டாப் கம்மியா வெச்சு எடுத்துட்டா இந்த வேலையே மிச்சம்.